அம்மாவிடம் யாராவது இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்

இந்த முறை ஊருக்குப் போனபோது எத்தனையோ காரியங்கள் தடங்கலின்றி முடிந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன். அம்மாவை அண்ணன் வீட்டுக்கு அழைத்துச் சென்ற உள்நாட்டு விமானத்தில், தரையிறங்குவதற்கு முன் கழிந்த கால் மணி நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இன்னும் மனம் ஆறவில்லை.

அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம். வெளிநாட்டில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. நாம்தான் வருவோம், நாம்தான் போவோம். வழியனுப்ப விமான நிலைய வாசல்வரை வருபவர்கள் அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டார்கள். "நீ வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ, அது போதும்" என்பார் அம்மா. பேரப்பிள்ளைகள் வளர்வதை வீடியோ அழைப்பிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை கெஞ்சிக் கூத்தாடி இணங்கவைத்தேன். முதலில் அண்ணன் ஊருக்கு ஒரு மணி நேரச் சொச்சப் பயணம். அது நல்லபடியாக அமைந்தால் அடுத்தது என் வீட்டுக்கு. ஆகவே அந்தச் சின்னப் பயணத்தை நான் எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

கிளம்பும்போதே சோதனை தொடங்கிவிட்டது. விமானத்தைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும்போது, எங்கள் காலடித் தளத்துக்குக் கீழிருந்து நாய் குரைப்பது போன்ற ஒரு சத்தம் விட்டுவிட்டு எழுந்தது. ஏர்பஸ் ஏ320 ரகத்தில் போனவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். மேலே எழும்பி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, இன்ஜின் இரைச்சல் திடீரென்று தணிந்தது. வயிற்றுக்குள் எதுவோ கீழே நழுவியது. "நின்றுவிட்டதா?" என்றார். "இல்லையம்மா, எப்போதும் இப்படித்தான்" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

நடுவழி அமைதியாகவே கழிந்தது. இறங்கத் தொடங்கினோம். சக்கரங்கள் வெளியே வந்த சத்தம் கேட்டது. சாலையில் போகும் வண்டிகளின் விளக்குகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிற உயரம். அம்மாவின் முகத்தில் அப்போதுதான் சற்றுத் தெளிவு வந்தது. அடுத்த நொடி இரண்டு இன்ஜின்களும் முழுக்குரலில் அலறின. மூக்கு மேலே தூக்கியது, முதுகு இருக்கையில் அழுந்தியது, அடியில் சக்கரங்கள் திரும்ப உள்ளே போகும் தடதடப்பு. ஜன்னலுக்குக் கீழே ஓடுபாதையின் விளக்குகள் வரிசையாகப் பின்னால் ஓடின. நாங்கள் அதை விட்டு மேலே போய்க்கொண்டிருந்தோம். பின் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. ஒருவர் சத்தமாகக் கடவுளை அழைத்தார்.

விமானிகள் அறையிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்குப் பேச நேரம் இருந்திருக்காது என்பதை இப்போது அறிவேன். விசையைக் கூட்ட வேண்டும், சக்கரத்தை மடக்க வேண்டும், இறங்குவதற்காக இறக்கையில் விரித்திருந்த ஃபிளாப் என்ற மடிப்புகளைப் படிப்படியாக உள்ளே இழுக்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். விமானத்தை ஓட்டுவது முதல் வேலை, பேச்சு கடைசி வேலை என்பதுதான் விமானிகளுக்குக் கற்றுத்தரும் முறை. அதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அதன் பிறகு விமானம் சமநிலைக்கு வந்து, பெரிய வட்டமடித்து, மறுபடி இறங்கத் தொடங்கும்வரை பத்து நிமிடத்துக்கு மேல் இருந்ததே! "முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகத் தாமதமானது, அதனால் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறோம்" என்று சொல்ல பத்து நொடி போதும். நூற்றைம்பது பேருக்கு மேல் அந்தப் பத்து நொடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்தான் காப்பாற்றினார். ஒரு விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவராம், விடுப்பில் போய்க்கொண்டிருந்தார். அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, முன் இருக்கைப் பையிலிருந்து வாந்திக்கான காகிதப் பையை உருவினார். அதன் முதுகில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "இது ஓடுபாதை அம்மா. நமக்கு முன்னால் போன விமானம் இன்னும் இங்கே நிற்கிறது, நான் பார்த்தேன். அது விலகாமல் நாம் இறங்கக்கூடாது. இதற்குக் கோ அரவுண்ட் என்று பெயர்." கோட்டின் முனையிலிருந்து ஒரு நீள்வட்டம் இழுத்துத் திரும்பக் கோட்டிலேயே கொண்டுவந்து சேர்த்தார். "எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பது வரைபடத்தில் முன்பே அச்சாகியிருக்கும். இறங்கத் தொடங்கும் முன்பே விமானிகள் இருவரும் அதைப் பேசி வைத்துக்கொள்வார்கள்."

"எண்ணெய் இருக்குமா?" என்றார் அம்மா. அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"சேர வேண்டிய ஊருக்கு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்கு, அதற்கும் மேல் 30 நிமிடம் வானில் சுற்ற. இவ்வளவும் இல்லாமல் கிளம்பவே விட மாட்டார்கள். விதி அது" என்றார். உலக அளவில் ஆயிரம் தரையிறக்கங்களுக்குச் சராசரியாக 1 முதல் 3 முறை இப்படி நடக்கிறது என்றும், காற்று திடீரென்று மாறினாலும், ஓடுபாதை கண்ணுக்குத் தெரிய வேண்டிய உயரத்தில் தெரியாவிட்டாலும், வேகமோ இறங்கும் கோணமோ சரியாக அமையாவிட்டாலும் இதையேதான் செய்வார்கள் என்றும் சொன்னார். "இறங்கலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் மேலே போய்விடுவதுதான் நல்ல விமானிக்கு அடையாளம்" என்று அவர் முடித்தபோது, அம்மாவின் பிடி என் மணிக்கட்டிலிருந்து தளர்ந்திருந்தது.

இறங்கினோம், மென்மையாகவே. ஒலிபெருக்கியில் குரல் வந்தது. வருக வருக என்றது, வெளியில் எவ்வளவு வெப்பம் என்றது, விமானம் நிற்கும்வரை எழ வேண்டாம் என்றது. நடந்ததைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்து அந்த நிறுவனத்தின் மேசையில் கேட்டேன். "அது சாதாரணமான விஷயம் சார், கருத்துப் படிவத்தில் எழுதிவிடுங்கள்" என்றார் அங்கிருந்த இளைஞர். சாதாரணமான விஷயம்தான். அதைத்தான் மேலே இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும் என்கிறேன்.

நான் இருக்கும் நாட்டில் இதே அனுபவம் எனக்கு உண்டு. விமானம் சமநிலைக்கு வந்த உடனே தலைமை விமானி பேசினார். காரணம் என்ன, இன்னும் எத்தனை நிமிடம், எல்லாம் இரண்டே வாக்கியத்தில். அங்கே இதையும் பயணிகளுக்கான சேவை என்று கருதுகிறார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற நிறுவனங்கள் பயப்படுகிறவர்களுக்கென்றே ஒருநாள் வகுப்பு நடத்துகின்றன. விமானிகளே வந்து ஒவ்வொரு சத்தத்தையும் அசைவையும் விளக்கி, கடைசியில் ஒரு குறும்பயணம் அழைத்துச் செல்கிறார்கள். நம்மிடம் திறமையான விமானிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பயணியிடம் விஷயத்தைச் சொன்னால் கலவரமாகிவிடுவான் என்ற பழைய எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை. மருத்துவமனையிலும் அலுவலகங்களிலும் நாம் வளர்ந்ததிலிருந்து பார்த்த அதே மௌனம்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அங்கே பக்கத்து இருக்கைக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் பயத்தைத் தானே விழுங்கிக்கொண்டிருப்பார். முன்பின் தெரியாத ஒரு முதியவளுக்குப் படம் வரைந்து காட்டி, இறங்கும்போது பையையும் எடுத்துக்கொடுத்து, "அடுத்த தடவை இறக்கைக்கு நேராக இடம் கேளுங்கள் அம்மா, அங்கே ஆட்டம் குறைவு" என்று சொல்லிப் போகிற மனிதரை அங்கே நான் சந்தித்ததில்லை. இந்த ஒட்டுதலுக்காகத்தானே ஓடி ஓடி வருகிறோம்.

அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்ததும் அம்மா அறிவித்துவிட்டார்: திரும்ப ரயிலில்தான். நான் வாதாடவில்லை. நிறைய பேர் இங்கேதான் புள்ளிவிவரத்தை எடுத்து நீட்டுவார்கள்; சாலையைவிட வானம் பாதுகாப்பானது என்பார்கள். உண்மைதான், ஆனால் பயந்தவருக்கு அது ஆறுதல் தருவதை நான் பார்த்ததே இல்லை. அவருடைய காதில் கேட்டது ஒரு சத்தம். அந்தச் சத்தம் என்ன என்று சொல்ல வேண்டும். எனவே தெரியாததைத் தேடிப் படித்துத் தினம் ஒன்றாகச் சொன்னேன்.

அந்தக் குரைப்பு ஒரு ஹைட்ராலிக் கருவியுடையது, அதாவது திரவ அழுத்தத்தால் இயங்குவது. அப்படிப்பட்ட இரண்டு அமைப்புகளில் ஒன்றில் அழுத்தம் குறைந்தால் மற்றொன்றின் அழுத்தத்தால் ஈடுகட்டும் கருவி. இன்ஜினை முடுக்கும் வேளையில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. புறப்பட்ட சிறிது நேரத்தில் இரைச்சல் தணிவது, தரையிலிருந்து எழத் தேவைப்பட்ட விசையை ஏறுவதற்கு வேண்டிய அளவுக்கு விமானி குறைப்பதால். ஏறும் வேகம் சற்று மாறுவதை நம் காது 'விழுகிறோம்' என்று தவறாகச் சொல்கிறது. இரவில் இறங்கும்போது உள்ளே விளக்கைத் தணிப்பது, அவசரமாக வெளியேற நேர்ந்தால் கண் இருளுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக. இறக்கை ஆடுவதைப் பார்த்தால் அம்மாவுக்கு ஈரக்குலை நடுங்கும். அது வளைவதற்கென்றே செய்யப்பட்டது. பறக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய மிகப் பெரிய சுமையைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதித்த பிறகுதான் அந்த ரகத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும். 1995இல் போயிங் 777 இறக்கையை வேண்டுமென்றே முறியும்வரை வளைத்தார்கள். அந்த மிகப் பெரிய சுமையின் 154 சதவீதத்தில்தான் முறிந்தது. இதைச் சொன்னபோது அம்மா, "முறித்தே பார்த்தார்களா?" என்று இரண்டு முறை கேட்டார். பெரிய நிம்மதி அவருக்கு அதில்தான் கிடைத்தது.

ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். விமானத்தில்தான் திரும்பினோம், வேறொரு நிறுவனத்தில். இறக்கைக்கு நேராக இடம். கதவை மூடியதும் ஒரு பெண் குரல், தலைமை விமானி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. தெளிவான தமிழில் பேசினார். மேலே எழுந்த சிறிது நேரத்தில் இரைச்சல் குறையும், இயல்பானது; பாதி வழியில் மேகக்கூட்டம் இருப்பதால் பத்து நிமிடம் குலுங்கும், அப்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம், பெல்ட்டைத் தளர்த்தாதீர்கள் என்றார். குலுங்கியது. போகும்போது இருந்ததைவிட அதிகமாகவே குலுங்கியது. அம்மா பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, "சொன்னாரே, அதுதான்" என்றார். அந்த விமானியின் பெயரைக் குறித்துக்கொண்டு நிறுவனத்துக்கு நன்றிக் கடிதம் அனுப்பினேன். முதல் நிறுவனத்துக்கும் விரிவாக எழுதியிருக்கிறேன், என்ன சொல்லலாம் என்ற இரண்டு வாக்கியங்களோடு. பதில் வரவில்லை, மீண்டும் எழுதுவேன்.

நான் திரும்பி வந்த பிறகும் அம்மாவின் கேள்விகள் தொடர்கின்றன. போன வாரம் கேட்டது: "கடலுக்கு நடுவில் இரண்டு இன்ஜினும் நின்றால்?" 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் என்ற கனடா நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானம் ஒன்று அட்லாண்டிக் மேல் எரிபொருள் கசிந்து இரண்டு இன்ஜினும் ஓய்ந்தபின், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சறுக்கியபடியே மிதந்துபோய் அந்தக் கடலில் உள்ள அசோர்ஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கியதையும், அதிலிருந்த 306 பேரும் உயிர் பிழைத்ததையும் சொன்னேன். ஒரு இன்ஜின் மட்டும் நின்றால், மீதமுள்ள ஒன்றைக்கொண்டே குறித்த நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டும்படிதான் கடல் வழியைத் திட்டமிடுவார்கள் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பள்ளி விடுமுறை எப்போது தொடங்குகிறது என்று கேட்டார். டிக்கெட் போட்டுவிட்டேன், இறக்கைக்கு நேராகவே.