‘ஸ்டெயின் ஏற்கும்’ வுட் ஃபில்லர்: சொன்னதில் பாதி சரி

டப்பாவின் மேல் ‘ஸ்டெயின் ஏற்கும்’, அதாவது மரத்துக்கு நிறமேற்றும் சாயத்தை ஏற்கும் என்று அச்சிட்டு விற்கப்படும், தண்ணீரில் கரையும் வுட் ஃபில்லர் ஒன்றை, மேல்பலகையில் ஆழமான கீறல்களும் ஓரத்தில் பெயர்ந்த ஒரு முனையும் கொண்ட பழைய தேக்கு மேசையில் பயன்படுத்திப் பார்த்தேன். பள்ளம் அடைக்கும் பொருளாக அது நன்றாகவே இருக்கிறது. டப்பாவில் உள்ள அந்த வாசகத்தைத்தான் அப்படியே நம்பிவிட முடியாது.

முதலில் நிறைகள். வாடை குறைவு, தகட்டால் இழுக்கும்போது ஒட்டி இழுபடாமல் வழுவழுப்பாகப் பரவுகிறது, காய்ந்தபின் உப்புத்தாளுக்கு எளிதில் இணங்குகிறது. நீர் ஆவியாகும்போது சுருங்குவது இவ்வகை ஃபில்லரின் இயல்பு என்பதால், ஆழமான பள்ளத்தை ஒரே பூச்சில் நிரப்பாமல் சுமார் 3 மி.மீ. அடுக்குகளாக, ஒவ்வொன்றையும் காயவிட்டு, கடைசி அடுக்கைச் சற்று மேடாக விட வேண்டும். பெயர்ந்த முனைக்கு இது போதாது. இடிபடுவதைத் தாங்க வேண்டிய அத்தகைய இடங்களுக்கு, இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்ஸி ஃபில்லரே ஏற்றது.

நிறத்தில்தான் சிக்கல். மரம் தன் நுண்துளைகள் வழியே ஸ்டெயினை உறிஞ்சுகிறது. அதனால் ரேகைகள் அடர்ந்தும் இடைப்பகுதி வெளிறியும் தெரிகின்றன. ஃபில்லரோ பிசினில் குழைத்த பொடி. அதில் துளையும் இல்லை, ரேகையும் இல்லை. அடர்பழுப்பு ஸ்டெயினைத் துணியால் தேய்த்துத் துடைத்தபோது, தேக்கின் கோடுகள் எழும்பி வர, அடைத்த இடம் மட்டும் தட்டையான ஒரே நிறத்தில் நின்றது. அதைவிடக் கண்ணை உறுத்தியது, கீறலைச் சுற்றிப் படர்ந்த வெளிறிய வளையம். தகடு இழுத்த இழுப்பில் பக்கத்துத் துளைகளுக்குள் புகுந்த ஃபில்லர், அங்கே ஸ்டெயினை இறங்கவிடவில்லை. ஒட்டின், அதாவது ஃபில்லர் அடைத்த இடத்தின், விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் தேய்த்தால் இந்த வளையம் மறைகிறது. அதற்காக ஒட்டை மட்டும் மேலும் நைசான தாளால் மெருகேற்றக் கூடாது. பலகை முழுவதையும் ஒரே எண்ணில் முடித்தால்தான் ஸ்டெயின் ஒரே சீராக இறங்கும். (மரத்தூளும் வெள்ளைப் பசையும் கலந்து பூசும் பழைய வழி இதற்கு மாற்றாகாது, காய்ந்த பசை ஸ்டெயினைத் தடுத்துவிடும்.)

உண்மையில் பலன் தந்தது, ஃபில்லரைப் பூசுவதற்கு முன்பே நிறப்பொடி கலந்துகொள்வதுதான். ஸ்டெயின் பூசாத மரத்தின் நிறத்துக்கு ஏற்பக் கலக்காமல், மேசையின் அடிப்பக்கத்தில் ஸ்டெயின் தடவிப் பார்த்து, அங்கே தெரியும் நிறங்களில் மிக வெளிறியதற்கு ஏற்பக் கலக்க வேண்டும். அடர்த்தியைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், குறைப்பது கடினம். ஸ்டெயின் காய்ந்தபின் ஒரு பூச்சு சீலர் (மரத்தின் மேற்பரப்பை மூடும் பூச்சு) கொடுத்து, அதன்மேல் மெல்லிய தூரிகையால் பக்கத்து ரேகைகளை ஒட்டின் குறுக்கே நீட்டி வரைந்து, மீண்டும் சீலர் பூசினால், குனிந்து தேடினால் ஒழிய ஒட்டு தென்படுவதில்லை.

டப்பாவின் மேல் எழுதியுள்ள ‘தேக்கு’ என்ற நிறப்பெயரை வைத்து மட்டும் வாங்க வேண்டாம். ஈரமாக இருக்கும்போது பொருத்தமாகத் தெரிந்த அது, காய்ந்ததும் நன்றாகவே வெளிறிவிட்டது. அடர்நிற பாலிஷ் போடும் மேசைக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். வெளிர்நிறத்தில் முடிக்க வேண்டிய பலகையில் கையகலக் காயம் என்றால், அதே இன மரத்துண்டைச் செதுக்கிப் பதிப்பதற்கு எந்த ஃபில்லரும் ஈடாகாது.