மலையில் அறைக்கு முன்னால் அடுப்படியைப் பாருங்கள்: உதகை, வால்பாறை, ஏற்காடு தங்கல்கள் ஓர் ஒப்பீடு

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று கொங்கு நாட்டின் எந்த ஊரிலிருந்து காலையில் புறப்பட்டாலும் மதியச் சாப்பாட்டுக்குள் ஏதாவது ஒரு மலையின் மேல் இருந்துவிடலாம். அதனாலேயே இங்குள்ள குடும்பங்கள் மலைக்குப் போகலாமா என்று யோசிப்பதில்லை. எந்த மலையில், எந்த மாதிரி இடத்தில் தங்குவது என்பதில்தான் குழம்புகின்றன. அந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் புகைப்படங்களே தீர்த்து வைக்கின்றன. பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனியும், வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலும், மூடுபனிக்கு நடுவே ஒரு கோப்பைத் தேநீரும் கண்ணில் பட்டதும் முன்பணம் கட்டப்படுகிறது. அந்த வீட்டின் அடுப்படியில் இரவு எட்டரைக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

சமவெளியில் இந்தக் கேள்வி தேவையில்லை. விடுதிச் சாப்பாடு சரியில்லை என்றால் நாலு கடை தள்ளி ஒரு மெஸ் இருக்கும். மலையில் இருட்டிய பிறகு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், ஆசனூரில் தங்கியவர் சத்தியமங்கலத்துக்கு இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்கவே முடியாது. தடை இல்லாத பாதைகளிலும் பனியும் வளைவும் யானையும் அதே வேலையைச் செய்கின்றன. ஆக, மலைத் தங்கலை ஒப்பிடுவதற்கு நான் முதலில் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் சமையற்கட்டு. அறையும் காட்சியும் அதற்கு அடுத்தவை.

உதகை, குன்னூர்ப் பக்கத்துப் பெரிய ரிசார்ட்டுகளிலிருந்து தொடங்கலாம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டிகள் ஏற முடியாது. கோடை நெரிசலில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்தும் நடைமுறைக்கு வரும். இவ்வளவையும் கடந்து போய்ச் சேர்ந்தால், வரவேற்பறையிலேயே நமக்கு ஓர் ஒழுங்கு காத்திருக்கிறது: சாவி அட்டை, காலை உணவுக் கூப்பன், குழந்தைகள் விளையாட ஒரு கூடம், இரவில் கணப்படுப்பு மூட்டம். முதியவர்களோடு வரும் பெரிய குடும்பத்துக்கு இந்த ஒழுங்கு உண்மையிலேயே உதவுகிறது. மின்தடை வந்தால் ஜெனரேட்டர் ஓடும், வெந்நீர் வரும், மருத்துவமனை பக்கத்தில் இருக்கும். அறை ஹீட்டருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், ஏனெனில் மார்கழியில் உறைபனி விழும் ஊரில் அது இல்லாமல் நம்மவர்களால் தூங்க முடியாது.

சாப்பாட்டில்தான் இந்த வகை இடறுகிறது. அதற்குச் சமையற்காரரின் திறமைக் குறைவு மட்டும் காரணமில்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். இட்லி மாவு அந்தக் குளிரில் எளிதில் புளிப்பதில்லை. இருநூறு பேருக்கு பஃபே வைக்கும் கூடம் இதையெல்லாம் முன்கூட்டியே சமைத்து, சூடேற்றும் பாத்திரங்களில் அடுக்கி வைத்துத்தான் சமாளிக்க முடியும். விளைவு, ஏழரைக்கு வந்தவருக்குக் கிடைக்கும் சாம்பாரும் ஒன்பதரைக்கு வந்தவருக்குக் கிடைக்கும் சாம்பாரும் வேறு வேறு. தட்டில் எடுத்த சோறு மேசைக்கு வருவதற்குள் ஆறிப்போகிறது. வரிசையில் முப்பது வகை இருந்தும், வயதானவர்கள் தயிர்ச்சாதத்தைத் தேடி அலைவதை அந்தக் கூடங்களில் எப்போதும் பார்க்கலாம். பனீர் பட்டர் மசாலாவும் நூடுல்ஸும் தவறாமல் இருக்கும். நீலகிரியிலேயே விளையும் கேரட்டும் பீன்ஸும் கண்ணுக்கு அழகாக நறுக்கப்பட்டு, சுவையில்லாமல் கிடக்கும். படுகர் வீடுகளில் சமைக்கும் அவரைக் குழம்பை மட்டும் எந்தக் கூடத்திலும் நான் கண்டதில்லை. இந்த மலைக்கென்று ஒரு சமையல் இருக்கும்போது, விருந்தினருக்கு டெல்லியிலும் கிடைப்பதைப் பரிமாறுவது எனக்கு ஒப்பவில்லை. இங்கே தங்குவதானால் காலை உணவை மட்டும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டு, மதியத்தை ஊருக்குள்ளும், இரவு உணவை மெனு அட்டையிலிருந்து சுடச்சுடச் சொல்லியும் சாப்பிடுவது மேல்.

வால்பாறை எஸ்டேட் பங்களா இதற்கு நேர்மாறான அனுபவம். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் வரையாடுகள் சாலையோரச் சுவரில் நின்று வண்டிகளை வேடிக்கை பார்க்கும். உயரம் உதகையின் பாதிதான், ஏறத்தாழ 3,500 அடி. ஆகவே குளிர் நடுக்குவதில்லை. தங்குமிடமாக மாறியிருக்கும் பங்களாக்களில் பல, தேயிலைத் தோட்டத்து மேலாளர்களுக்காகக் கட்டப்பட்டவை. அகன்ற தாழ்வாரம், உயர்ந்த கூரை, தேயிலைச் சரிவைப் பார்த்த புல்வெளி, நான்கைந்து அறைகள், இவற்றுக்குப் பின்னால் தனிக் கட்டடமாகச் சமையற்கட்டு. அந்தச் சமையற்கட்டின் பொறுப்பாளர்தான் அங்கு உண்மையான விருந்தோம்பி. மாலைத் தேநீர் வைக்கும்போதே "ராத்திரிக்கு என்னங்க வைக்கட்டும்? ரசம் வேணுங்களா?" என்று கேட்டுவிடுவார். ஒரே மேசையில் சூப்பும் கட்லெட்டும் கேரமல் புட்டிங்கும் வரும். அடுத்து மிளகு ரசமும் கோழி வறுவலும் வரும். கேரள எல்லை பக்கத்தில் இருப்பதால் காலையில் புட்டும் கடலைக் கறியும் வந்தாலும் வியப்பதற்கில்லை. துரைமார் காலத்து மெனுவும் தோட்டத்து மக்களின் சமையலும் இப்படி ஒன்றாக வருவதை நீலகிரியின் பெரிய விடுதிகளில் காண்பது அரிது.

ஆனால் இந்தச் சுகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. எட்டுப் பேருக்கு மட்டும் சமைக்கும் வீட்டில் சரக்கு அளவாகத்தான் இருக்கும். காய்கறியும் கோழியும் வால்பாறை டவுனிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ வர வேண்டும் என்பதால், நாளைக்கு என்ன வேண்டும் என்பதை இன்றே சொல்லிவிட வேண்டும். அமாவாசை என்றோ, புரட்டாசிச் சனிக்கிழமை என்றோ, பாட்டிக்கு அசைவம் சமைத்த பாத்திரம் ஆகாது என்றோ இருந்தால் பதிவு செய்யும்போதே தெரிவித்தால் தனிப் பாத்திரத்தில் சமைத்துத் தருவார்கள். இலை போட்ட பிறகு சொன்னால் அப்பளமும் மோரும்தான். இரவு பத்து மணிக்குப் பசித்த பிள்ளைக்கு ஃப்ரைட் ரைஸ் கேட்கவே கூடாது.

வெளியே போய்ச் சாப்பிடலாம் என்ற எண்ணத்துக்கும் இங்கே இடமில்லை. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தால் சூழப்பட்ட பீடபூமி இது. இருட்டிய பிறகு தோட்டத்துப் பாதைகளில் சிறுத்தையும் யானையும் நடமாடும். எஸ்டேட் குடியிருப்புகளில் சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் இறந்த செய்திகளை அண்மை ஆண்டுகளில் படித்திருக்கிறோம். யானை நிற்பதை அறிவிக்க நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பின் ஏற்பாட்டில் சாலையோரம் சிவப்பு விளக்குகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் அரிசிக்காகவும் உப்புக்காகவும் யானைகள் உடைக்கும் ஊரில், எட்டரைக்குச் சமையற்கட்டைப் பூட்டிவிடுவதைச் சோம்பல் என்று விருந்தினர் குறைசொல்வது நியாயமில்லை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மின்சாரம் போகும், அட்டை கடிக்கும், அலைபேசி இணைப்பு விட்டுவிட்டு வரும். அந்த நாட்களில் பங்களாவின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வால்பாறைக்கு ஈடு கிடையாது. பிள்ளைகளுக்குப் பொழுதுபோக வேண்டும் என்பவர்கள் இரண்டாம் நாளே மூட்டை கட்டிவிடுவார்கள்.

ஏற்காட்டை இந்த இரண்டோடும் ஒப்பிடுகையில் பலரும் அதை ஒரு படி கீழே வைத்துவிடுகிறார்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேரப் பயணம், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். கோடையில் சேலத்தைவிடப் பத்து டிகிரி வரை குறைந்த வெப்பம். பெரிய காட்சி ஏதுமில்லை என்பது உண்மைதான். ஏரி சிறியது, விடுமுறை நாளில் கூட்டம் மிகுதி, விடுதிகளில் பாதி ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கட்டியவை. இருந்தும் என் அளவுகோலில் ஏற்காட்டுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு: மூன்றில் இங்கே மட்டும்தான் விருந்தினர் விடுதிச் சமையற்கட்டின் கைதி அல்ல. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடும் கடைகள், கடைவீதியில் சாப்பாட்டுக் கடைகள், சற்றுத் தள்ளி காபித் தோட்டத்து வீடுகளில் அறை விடும் குடும்பங்கள் என்று தேர்வுகள் இருக்கின்றன. விடுதிச் சாப்பாடு சுமாராக இருந்தாலும் பயணம் கெட்டுப்போவதில்லை. அதிலும் காபித் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுத் தங்கல் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆரஞ்சும் மிளகுக் கொடியும் சில்வர் ஓக்கும் சூழ்ந்த முற்றத்தில், அந்தத் தோட்டத்துக் கொட்டையையே வறுத்து அரைத்த காபி காலையில் கிடைக்கும். மதியம் வீட்டுக்காரம்மா கையால் அரிசிம்பருப்புச் சாதமோ நாட்டுக்கோழிக் குழம்போ கிடைக்கும். குறைகளும் உண்டு. குளியலறையில் வெந்நீர் வாளிக் கணக்கில்தான் வரும், தோட்டத்துப் பாதை மழையில் சேறாகும், காட்சி என்று சொல்லிக்கொள்ள எதிரே நிற்கும் காபிச் செடிகள்தான்.

கொல்லிமலையை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று தயங்கினேன், ஏனெனில் அங்கே ரிசார்ட் என்ற பெயருக்குப் பொருந்தும் இடங்கள் குறைவு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும், ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளும் முழங்கால் வலிக்காரர்களைச் சோதித்துவிடும். ஆனாலும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்புக்காகவும், சொல்லி வைத்தால் சமைத்துத் தரும் சாமைச் சோற்றுக்காகவும் இளைஞர்கள் ஓர் இரவு தங்கிவிட்டு வரலாம்.

செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அறை வாடகையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறை வரியோடு 7,875 ஆகிறது; 8,000 ரூபாய் அறை 9,440 ஆகிறது. ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் என்று நினைத்தது ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிடுகிறது. இது அறையோடு நிற்பதில்லை. முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை 7,500 ரூபாய்க்கு மேல் விட்டிருந்த விடுதி வளாகத்தின் உணவகத்திலும் சாப்பாட்டு ரசீதுக்கு 18 சதவீதம் விழும். சாதாரண உணவகத்தில் 5 சதவீதம்தான். 4,000 ரூபாய்க்குச் சாப்பிட்ட குடும்பம் ஓரிடத்தில் 200 ரூபாயும் இன்னோரிடத்தில் 720 ரூபாயும் வரியாகக் கட்டுகிறது. மூன்று வேளையும் சேர்த்துக் கட்டணம் சொல்லும் பங்களாக்கள் முதல் பார்வைக்கு விலை கூடியவையாகத் தெரிந்தாலும், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பெரிய ரிசார்ட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன.

வண்டி ஓட்டி வருபவரின் நிலையையும் நான் ஒப்பீட்டில் சேர்க்கிறேன். பெரிய ரிசார்ட்டில் ஓட்டுநருக்குப் படுக்கை கிடைத்தாலும் சாப்பாட்டை அவரே வெளியே தேடிக்கொள்ள வேண்டிய நிலை பல இடங்களில் இருக்கிறது. எஸ்டேட் பங்களாவிலும் தோட்டத்து வீட்டிலும் விருந்தினருக்கு வைத்ததிலேயே அவருக்கும் ஒரு தட்டு போகும். மறுநாள் நாற்பது வளைவுகளில் நம்மை இறக்கிக் கொண்டுவர வேண்டியவர் அவர்.

என் தேர்வு இதுதான். முதியவர்களும் கைக்குழந்தையும் உள்ள பெரிய கூட்டமாக இருந்தால் குன்னூர் ரிசார்ட், காலை உணவு மட்டும் சேர்த்து. நான்கைந்து பேர், அவசரமில்லாத இரண்டு இரவுகள் என்றால் வால்பாறை பங்களா, மழை சற்று ஓய்ந்த பிறகு. சனி, ஞாயிறு மட்டுமே கையில் இருக்கும் சேலம், ஈரோடு, நாமக்கல்காரர்களுக்கு ஏற்காட்டுத் தோட்டத்து வீடு. எதுவானாலும் முன்பணம் அனுப்பும் முன் தொலைபேசியில் இரண்டே கேள்விகள் கேட்க வேண்டும்: இரவுச் சமையல் எத்தனை மணிக்கு முடியும், சமைப்பவர் அங்கேயே தங்குகிறாரா. இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில், கையோடு ஒரு டப்பா புளிச்சாதம் கொண்டுபோவது நல்லது.