குறைந்த ஜி.பி.ஏ.வோடு முதுநிலை நர்சிங்: பழைய பாடத்தை மறுபடி படிப்பதா, மேற்பாடத்தை எடுப்பதா?

அமெரிக்காவில் முதுநிலை நர்சிங் படிப்புக்குப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கும் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி), 4.0க்கு 3.0 ஆகும். இளநிலையில் 2.7 பெற்ற செவிலியர் ஒருவருக்கு மூன்று வழிகள் உண்டு: பழைய பாடங்களை மறுபடி படிப்பது, பட்டப்படிப்பில் சேராமலே ஓரிரு முதுநிலைப் பாடங்களை எடுப்பது, பணி அனுபவத்தை முன்வைப்பது.

முதல் வழியைத்தான் பெரும்பாலோர் உடனே நினைக்கிறார்கள். அதன் பாரமோ கணக்குப் போட்டால்தான் தெரியும். கிரெடிட் என்பது பாடத்தின் எடையளவு; ஏ-க்கு 4 புள்ளி, சி-க்கு 2. 120 கிரெடிட்டில் 2.7 எடுத்தவர், சி வாங்கிய மூன்று கிரெடிட் பாடங்கள் ஆறில் ஏ பெற்று, பழைய மதிப்பெண் நீக்கப்பட்டால் 3.0ஐத் தொட்டுவிடுவார். ஆனால் பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான நர்சிங்கேஸ் இரண்டு மதிப்பெண்களையும் சேர்த்தே கணக்கிடுவதால், அங்கே அதே இலக்குக்குப் பன்னிரண்டு பாடங்களில், அதாவது 36 கிரெடிட்டில், ஏ வாங்க வேண்டியிருக்கும். அத்தனை பணமும் காலமும் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல் போன்ற அறிவியல் பாடங்களின் சராசரியைத் தனியே பார்க்கும் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர் மட்டும் அவற்றில் ஒன்றிரண்டை மறுபடி படிக்கலாம்.

இரண்டாம் வழியில் சராசரி அதிகம் அசையாது; எனினும் சேர்க்கைக் குழு அறிய விரும்பும் கேள்விக்கு, இவரால் இன்று முதுநிலைப் பாடத்தைத் தாங்க முடியுமா என்பதற்கு, நேரடியான விடை கிடைக்கிறது. நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித்தரும் உயர்பயிற்சிச் செவிலியரான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பின் அடித்தளமான மேல்நிலை நோயியங்கியலிலோ மருந்தியலிலோ ஏ வாங்கியவரின் பழைய சி, பழையதாகவே தெரியும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது: முதுநிலைப் பாடத்தில் சி விழுந்தால் அது இளநிலையின் சியைவிட ஆழமாகக் காயப்படுத்தும். தொடர் இரவுப் பணியில் இருக்கும் மாதங்களில் இதைத் தொடங்க வேண்டாம்.

மூன்றாம் வழியான பணி அனுபவம் தனியாக 3.0 என்னும் வடிகட்டியைத் தாண்ட உதவுவது அரிது. இப்போது முனைவர் நிலைப் படிப்பாகிவிட்ட மயக்கவியல் நர்சிங்கில் நிலைமை வேறு: அங்கே ஓராண்டுத் தீவிர சிகிச்சை அனுபவம் கட்டாயம் என்பதோடு, தீவிர சிகிச்சைச் செவிலியருக்கான சி.சி.ஆர்.என். சான்றிதழ் விண்ணப்பதாரரின் அறிவியல் பிடிப்புக்கும் சாட்சி சொல்லும்.

என் தேர்வு இரண்டாம் வழியே. அதைப் பணியோடு சேர்த்து, ஒரு பருவத்துக்கு ஒரு பாடமாக எடுப்பது நல்லது. கட்டணம் கட்டுமுன் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி மூன்றைக் கேட்டறிய வேண்டும்: 3.0க்குக் கீழுள்ள விண்ணப்பத்தைப் படிப்பார்களா, மொத்தச் சராசரியைப் பார்ப்பார்களா அல்லது கடைசி 60 கிரெடிட்டையா, வெளியே எடுத்த முதுநிலைக் கிரெடிட்டை எவ்வளவு ஏற்பார்கள்?