ஒடேசாவா, டான்யூபா: உக்ரைன் தானியத்தின் இரு வழிகள்

2022 பிப்ரவரியில் ரஷ்யாவுடன் போர் தொடங்கிக் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டபோது, உக்ரைன் உழவர்கள் ஒடேசா துறைமுகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது டான்யூப் ஆற்றையும் இரயிலையும் நம்ப வேண்டும் என்ற நிலை வந்தது.

கடல்வழியின் வலிமை கொள்ளளவில் இருக்கிறது. ஒரே பெரிய கப்பல் 60,000 டன் ஏற்றிச் செல்லும். ஆற்றுவழியிலோ அதே கோதுமையை டான்யூப் கரையிலுள்ள உக்ரைனின் இஸ்மாயில் துறைமுகத்திலிருந்து படகு படகாக ருமேனியாவின் கான்ஸ்டன்சாவுக்குக் கொண்டுபோய், அங்கே மீண்டும் கப்பலில் ஏற்ற வேண்டும். இரயிலில் இன்னொரு சிக்கல்: உக்ரைனின் 1,520 மி.மீ. தண்டவாளம் போலந்து எல்லையில் 1,435 மி.மீ. ஆகக் குறுகுவதால், பெட்டியின் சக்கரங்களை மாற்றவோ தானியத்தை வேறு பெட்டிக்குக் கொட்டவோ வேண்டியிருக்கிறது. இந்தக் கூலியும் தாமதமும் பெரும்பாலும் விளைவித்தவருக்குக் கிடைக்கும் விலையிலிருந்தே கழிகின்றன என்பதுதான் வேதனை.

ஆனால் கடல்வழி வல்லரசுகளின் மனநிலையைச் சார்ந்தது. தானியக் கப்பல்கள் கருங்கடலில் பாதுகாப்பாகச் செல்ல ரஷ்யாவும் ஒப்புக்கொண்ட 2022 ஜூலை இஸ்தான்புல் உடன்பாட்டின்கீழ் ஏறத்தாழ 3.3 கோடி டன் வெளியேறிய பின், 2023 ஜூலையில் ரஷ்யா அதிலிருந்து விலகியது. மாற்றுவழியும் அடைக்கலம் தரவில்லை. 2023 ஏப்ரலில் போலந்தும் ஹங்கேரியும் தம் உழவர்களுக்காக இறக்குமதியைத் தடுத்தன, ஆகஸ்டில் இஸ்மாயில் தாக்கப்பட்டது.

என் கணிப்பில் கடல்வழியே முதன்மையானது. 2023 ஆகஸ்டில் ருமேனிய, பல்கேரியக் கரையை ஒட்டி உக்ரைன் தானே திறந்த பாதை அதற்குச் சான்று. ஆயினும் டான்யூப் படகுகளைக் கைவிடுவது தவறாகும்.