என்ரிக்கியோவின் போர்: எந்த நாவலைப் படிக்கலாம்?

இன்றைய டொமினிக்கன் குடியரசின் பஹோருகோ மலையில் 1519 முதல் 1533 வரை ஸ்பானியருக்குப் பிடிகொடுக்காமல் போராடியவர் என்ரிக்கியோ; கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளான தைனோ மக்களின் தலைவர்களில் ஒருவர். அவரைப் பற்றி இரண்டு முக்கியமான நாவல்கள் இருக்கின்றன. ஒன்று, மனுவேல் தெ ஹெசூஸ் கல்வான் எழுதி 1882இல் முழுமையாக வெளிவந்த ‘என்ரிக்கியோ’. மற்றொன்று, ஹோசே பாரெய்ரோ 1993இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் ‘தைனோ’ என்ற பெயரில் மறுபதிப்பான நாவல். ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் பாரெய்ரோவை எடுங்கள்.

கல்வானிடம் ஆவணப் பலம் உண்டு. 1503இல் ஹராகுவா என்ற தைனோ பகுதியில் ஸ்பானிய ஆளுநர் ஒவாந்தோ நடத்திய படுகொலையின் நிழலில் கதை தொடங்குகிறது. பிறகு நீண்ட நேரம் ஸ்பானியப் பிரபுக்களின் காதல், கல்யாணப் பேச்சுகள். தலைநகர் சாந்தோ தொமிங்கோவின் மாளிகைகளை விட்டு மலைக்குப் போகப் பொறுமை வேண்டும். அதைவிட என்னை உறுத்துவது வேறு. வலென்சுவேலா என்ற எசமானன் என்ரிக்கியோவின் குதிரையைப் பறித்தான். மனைவி மென்சியாவிடம் அத்துமீறினான். முறையிட்டவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. இவை அக்கால ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸ் எழுதிவைத்த செய்திகள். ஆனால் கல்வான் இதைச் சில கெட்ட அதிகாரிகளின் குற்றமாகச் சுருக்கிவிடுகிறார். ஸ்பெயின் பேரரசர் மட்டும் நல்லவராகவே இருக்கிறார். 1861இல் நாட்டை மறுபடி ஸ்பெயினோடு இணைத்ததை ஆதரித்தவர் கல்வான் என்பது தெரிந்தால் இது புரியும்.

பாரெய்ரோவின் கதைசொல்லி தியேகோ கோலோன். கொலம்பஸ் 1492இல் பிடித்துச் சென்று மொழிபெயர்ப்பாளனாக்கிய தைனோ இளைஞன், இப்போது கிழவனாக ஒரு மடத்தில் உட்கார்ந்து எழுதுகிறான். வெற்றியாளரின் அருகிலேயே வாழ்ந்தவனின் குற்ற உணர்வும் கோபமும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகின்றன. கியூபாவில் பிறந்த, தைனோ வழிவந்த பாரெய்ரோ, சடங்குகளையும் மரவள்ளிக் கிழங்கையும் வேடிக்கைப் பொருளாக்காமல் வீட்டுப் பேச்சாக எழுதுகிறார். நாவலாக விறுவிறுப்பு குறைவு. சில இடங்களில் பாடம் நடத்துகிறது. சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உண்மையான சோதனை, என்ரிக்கியோ ஸ்பானியரோடு செய்துகொண்ட 1533 சமாதானம்தான். தப்பியோடிய ஆப்பிரிக்க அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த உடன்பாட்டில் இருந்தது. 1873இல் போர்த்தோ ரிக்கோவில் அடிமை ஒழிப்புக் கொண்டாட்டத்தைப் பார்த்துத்தான் கல்வானுக்கு நாவல் எண்ணமே வந்தது. அப்படியிருந்தும் ஆப்பிரிக்கர்களுக்கு அவர் கதையில் அநேகமாக இடமே இல்லை. டொமினிக்கன் மக்கள் தங்கள் கறுப்பு வம்சத்தை மறைத்து ‘இந்தியோ’ (பூர்வகுடி) என்று சொல்லிக்கொள்ள அந்த நாவலும் துணைபோனது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கல்வானையும் படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு, பாரெய்ரோவுக்கு அப்புறம் படியுங்கள்.