'எந்தப் புத்தகத்துக்குள்ளும் போகலாம்' வி.ஆர். கிட்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

"கையில் இருக்கும் எந்தப் புத்தகத்தையும் திறங்கள், கதை நடக்கும் இடத்துக்கே போய்விடலாம்." இந்த வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கிட் விளம்பரத்தை நம்பி, ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக 3,499 ரூபாய் கட்டினேன். வந்தது போனைச் செருகிக் கண்ணில் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் ஹெட்செட், பக்கங்களில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் தாள், ஓர் ஆப். பணம் போனதைவிட, ஆசையாகப் புத்தகத்தோடு உட்கார்ந்த பிள்ளை தலைவலி என்று எழுந்து போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போட்டுப் பார்த்தால் சுற்றிலும் காடு. நடுவே ஒரு சின்னக் கட்டம். போன் கேமரா பிடிக்கும் புத்தகப் பக்கம் அதற்குள் தெரியும். எது 'ண', எது 'ன' என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு எழுத்து கலங்கிக் கிடந்தது. கிட்டே கொண்டுவந்தால் வரியின் பாதி கட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. அவள் படித்தது கடலோரத்தில் நடக்கும் கதை. கடல் வரவே இல்லை. சந்தேகம் வந்து, ஒரு ஸ்டிக்கரை கேஸ் பில்லில் ஒட்டிக் காட்டினேன். அதே காடு, அதே பறவைச் சத்தம். அந்த ஆப் புத்தகத்தில் ஒரு சொல்லைக்கூடப் படிப்பதில்லை. ஸ்டிக்கரைக் கண்டதும் ஏற்கெனவே எடுத்து வைத்த வீடியோவை ஓட்டுகிறது, அவ்வளவுதான்.

எழுத்து கலங்குவதற்கு, விற்றவர்கள் என் போனைக் குறை சொன்னார்கள். அது பொய். நல்ல பார்வை உள்ள கண் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். ஒரு சாதாரண போன் திரையை இரண்டு கண்ணுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்து, லென்ஸ் வைத்துப் பெரிதாக்கினால், ஒரு டிகிரிக்கு 15 புள்ளி கிடைப்பதே கஷ்டம். 2023-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 என்ற வி.ஆர். ஹெட்செட்டில் வெளியுலகைக் காட்டவே இரண்டு வண்ணக் கேமராக்கள் உண்டு. அதன் திரையிலும் டிகிரிக்கு 25 புள்ளி அளவுதான். போனில் படம் பிடிப்பது ஒரே கேமரா என்பதால் இரண்டு கண்ணுக்கும் ஒரே படம்தான் போகிறது, ஆழம் தெரியாது. சிறிய அச்செழுத்தை இதில் மணிக்கணக்கில் வாசிக்க முடியாது.

காகிதப் புத்தகத்தையும் கணினிக் காட்சியையும் சேர்ப்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 2012-இல் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 வீடியோ கேம் கருவிக்கு வொண்டர்புக் கொண்டுவந்தது. அதற்கென்றே குறிகள் அச்சிட்ட புத்தகத்தைக் கேமரா அடையாளம் கண்டு, டிவி திரையில் காட்சியை எழுப்பும். அந்த ஒரு புத்தகத்துக்காகவே செய்த வேலை அது. நம் அலமாரியில் இருக்கும் 'எந்தப் புத்தகமும்' என்று ஒருவர் சொன்னால், உங்கள் புத்தகத்தை வைத்து, லென்ஸ் வழியாகத் தெரிவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு விற்றவர்களிடம் நான் பிறகு கேட்டபோது அனுப்பவே இல்லை.

திருப்பி எடுக்கச் சொன்னதும், "பெட்டி பிரித்தாச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். இதை எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

வாங்கியவர்கள் பில்லோடு விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் புகார் கொடுத்த பிறகு அவர்கள் விளம்பரத்தில் 'எந்தப் புத்தகத்தையும்' என்ற சொற்கள் மட்டும் காணாமல் போயிருக்கின்றன. விலை அதேதான்.