கொழுப்பில்லா ஈஸ்ட்டும் நைல் ரெட் சாயமும்: நான்கு மாதப் பயன்பாட்டில் கண்டவை

எண்ணெய் வித்துகளில் கொழுப்பு உருவாக்கத்தின் கடைசிப் படியை நடத்தும் டிஜிஏடி நொதியின் செயல்திறனை அளக்க, எச்1246 என்னும் ஈஸ்ட் வகையையும் கொழுப்பில் ஒட்டி ஒளிரும் நைல் ரெட் சாயத்தையும் நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

இரண்டு கொழுப்பு அமிலங்கள் கொண்ட டைஅசைல்கிளிசராலுடன் மூன்றாவது கொழுப்பு அமிலத்தைச் சேர்த்து, சேமிப்புக் கொழுப்பான டிரைஅசைல்கிளிசராலாக்குவதே இந்த நொதியின் பணி. சாதாரண ரொட்டி ஈஸ்ட் தானாகவே கொழுப்பைச் சேமிப்பதால், அதற்குள் நிலக்கடலையின் மரபணுவைச் செலுத்தினால், கிடைக்கும் கொழுப்பில் எவ்வளவு கடலை நொதியுடையது என்று பிரித்தறிவது கடினம். ஸ்டென் ஸ்டிம்னே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட எச்1246 இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்த்துவிட்டது. டிஜிஏ1, எல்ஆர்ஓ1, ஏஆர்இ1, ஏஆர்இ2 ஆகிய, சேமிப்புக் கொழுப்பை உருவாக்கும் நான்கு மரபணுக்களும் நீக்கப்பட்டிருப்பதால் அதன் செல்களில் கொழுப்புத் துளிகள் உருவாவதில்லை; இருந்தும் அது உயிரோடு வளர்கிறது.

நுண்ணோக்கியில் முதன்முறை பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. கடலை மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் டிஎன்ஏ வளையம்) மட்டும் கொண்ட செல்கள் மங்கலாகக் கிடக்க, கடலை மரபணுவை ஏற்ற செல்களில் இரண்டு மூன்று பொன்மஞ்சள் புள்ளிகள் துல்லியமாக ஒளிர்ந்தன. வேறெங்கிருந்தும் வந்திருக்க வழியில்லாத அந்தப் புள்ளிகளே இந்த ஈஸ்ட்டின் மதிப்பை எனக்கு உணர்த்தின.

வழிமுறையும் எளியதே. காலக்டோஸ் சர்க்கரை கொடுத்தால் மட்டுமே மரபணு இயங்கும்படி அமைத்து, 96 குழித் தட்டில் செல்களை ஊற்றி, சாயம் சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் ஒளிர்வை அளந்து, வித்தியாசத்தைச் செல் அடர்த்தியால் வகுக்கிறோம். முன் அளவீட்டை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. சாயம் சவ்வுகளிலும் ஓரளவு ஒட்டுவதால் வெற்றுப் பிளாஸ்மிட் செல்கள் ஒவ்வொரு தட்டிலும் இருந்தே ஆக வேண்டும். ஒருமுறை நான் சாயத்தைக் கலந்துவிட்டுத் தட்டைச் சிறிது நேரம் காத்திருக்க வைத்தேன். ஒளிர்வு மாறிக்கொண்டே போனதால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒப்பீடே இல்லாமல் போய், அந்த நாள் உழைப்பு முழுவதும் வீணானது.

குறை என்று சொன்னால், இது நொதியின் வேகத்தை அளப்பதில்லை. செல்லில் சேர்ந்து நிற்கும் கொழுப்பைத்தான் காட்டுகிறது. நொதியின் ஒரு வடிவம் கொண்ட செல்கள் அதிகம் ஒளிர்வதற்கு அந்தப் புரதம் கூடுதலாக உருவாகியிருப்பதும் காரணமாகலாம் என்பதால் புரத அளவை வெஸ்டர்ன் பிளாட்டில் (குறிப்பிட்ட புரதத்தை எதிர்ப்பொருள் கொண்டு கண்டறியும் சோதனை) சரிபார்க்காமல் முடிவு சொல்வது தவறு. பல வடிவங்களிலிருந்து நல்லவற்றைச் சலித்தெடுக்க இந்தத் தட்டு போதும். உண்மையான வேகம் வேண்டுமென்றால் மைக்ரோசோம்களை (நொதி தங்கியிருக்கும் செல் சவ்வுத் துண்டுகளை) பிரித்து, கதிரியக்கக் கார்பன்-14 ஏற்றிய ஒலியோயில்-கோஏ (நொதிக்குக் கொழுப்பு அமிலத்தைத் தரும் மூலக்கூறு) கொண்டு செய்யும் பழைய சோதனைக்கே போக வேண்டும்.

ரொட்டி ஈஸ்ட் லினோலெயிக் அமிலம் என்னும் நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அந்த அமிலத்தை விரும்பும் நொதியைச் சோதிப்பவர்கள் அதை வளர்ப்பு ஊடகத்தில் தனியே சேர்க்க வேண்டும். அப்போது அளவை மெதுவாகக் கூட்டுங்கள், ஏனென்றால் உபரிக் கொழுப்பு அமிலத்தைச் சேமிக்க இடமில்லாத எச்1246 நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் நச்சுத்தன்மைக்கு எளிதில் பலியாகிறது.